மேடைக்கு முதுகு

வேலைக்குப் போனதும் எங்களுக்கு முதலில் தருவது காதை அடைக்கும் இரண்டு ஒரேஞ்சு நிறத் துண்டுகள். விரலால் உருட்டி ஒடுக்கிக் காதுக்குள் தள்ள வேண்டும். உள்ளே போய் மெல்லப் பெருத்து உலகத்தை மூடிவிடும். பாட்டு நிகழ்ச்சிக்குக் காதை அடைத்துக்கொண்டு போகிறவன் என்று ஊரில் சொன்னால் நம்பமாட்டார்கள். அதைவிடப் பெரிய வேடிக்கை அடுத்த கட்டளை: மேடையைப் பார்க்கக் கூடாது. நான் இங்கே ஒரு ஓர்ட்னர், கூட்டத்தை ஒழுங்கில் வைக்கிற காவலாள். கூட்டத்துக்கும் மேடைக்கும் நடுவில் இடுப்பளவு இரும்புத் தடுப்பு இருக்கும். அதன் உள்பக்கம், மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்தபடி நிற்பது என் வேலை. ஜேர்மனியின் வடக்கே உள்ள இந்தத் துறைமுக நகரத்தில் பத்து வருடமாக நிற்கிறேன். பெயர் சொன்னால் உலகமே அறியும் ஹார்ட் ராக் குழுக்களெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் வாசித்திருக்கிறார்கள். ஒரு குழுவையும் நான் பார்த்ததில்லை. பாட்டு எனக்கு முதுகெலும்பு வழியாகத்தான் வரும். எப்படிப் பாடினார்கள் என்பதை முன்னால் நிற்கிற முகங்களில் படித்துக்கொள்வேன்.

அந்த முகங்களில் பாதி அறுபதைத் தாண்டியவை. பாடுகிறவர்களும் அப்படித்தான். இளமையில் கேட்ட குழு கிழடாகி வரும்போது இவர்களும் கூடவே கிழடாகி, கையில்லாத ஜீன்ஸ் மேற்சட்டையில் பழைய துணிப் பட்டைகளைத் தைத்து மாட்டிக்கொண்டு, மத்தியானமே வந்து வரிசையில் நிற்பார்கள். அந்தச் சட்டைக்கு இங்கே குட்டெ என்று பெயர். துவைக்கக் கூடாதாம். வரிசையில் இவர்கள் கதைக்கிற கதைக்காகவே நான் அரை மணி நேரம் முந்திப் போய்விடுவேன். கேட்டதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். ஒருவர் சொன்னார்: "இரண்டு பேர் செத்துவிட்டார்கள், ஒருவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். பெயர் மட்டும் ஊர் ஊராக வருகிறது, அதற்குத்தான் டிக்கெட்." இன்னொருவர்: "டிரம் அடிக்கிறவருக்கு முழங்கால் மாற்றிய பிறகுதான் தாளம் ஒழுங்காயிருக்கிறது." நரைத்த பின்னலும் சிவப்புச் சப்பாத்துமாக ஒரு பெண் எல்லா நிகழ்ச்சிக்கும் வருவார், உர்சுலா என்று பெயர். பாடகரின் குரல் உடைந்துவிட்டது என்று யாரோ சொன்னதற்கு அவர் சொன்ன பதிலை நான் இரண்டு முறை கோடிட்டு வைத்திருக்கிறேன்: "என் புருஷனின் குறட்டைகூட வர வர மோசமாகிறது. அதற்காக வேறு வீட்டில் போய்ப் படுக்கிறேனா?"

உர்சுலாவுக்குப் பக்கத்தில் எப்போதும் தடுப்பின் இடது மூலையில் நிற்பவர் ஹோர்ஸ்ட். கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மணிக்கட்டு என் முழங்காலளவு இருக்கும். அவருடைய கட்சி வேறு. "கிழவனாகப் பாடு, கரகரப்பாகப் பாடு, பாட்டை மறந்துபோ. ஆனால் நீ பாடு. மெஷினைப் பாட விடாதே." வயதான குழுக்களில் சில, பாடகரின் குரலைப் பழைய பதிவிலிருந்து ஓடவிட்டு வாயை மட்டும் அசைக்கிறார்கள் என்று இங்கே பெரிய சண்டை. பிளேபேக் என்ற சொல்லை ஹோர்ஸ்ட் சொல்லும்போது வாயில் ஏதோ அழுகியது போல முகம் போகும். போன கோடையில் வரிசையில் நின்ற ஒருவர், "இருக்கட்டுமே, வயசுக்காலத்தில் உதவிக்குத்தானே" என்றார். ஹோர்ஸ்ட் திரும்பினார். ஒரே குத்து. அந்த மனிதரின் கீழுதடு இரண்டாகப் பிளந்து நாடியெல்லாம் இரத்தம். நான்தான் ஹோர்ஸ்டைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தள்ளிக்கொண்டு போனேன். "நீ சொல், உனக்கு அவர்கள் பாடுவது பிடிக்குமா?" என்று மூச்சு வாங்கியபடி கேட்டார். "நான் பார்த்ததே இல்லை" என்றேன். பகிடி விடுகிறேன் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதர்கள்.

அடிதடி இங்கேயும் நிறைய. பாட்டு வேகமெடுத்ததும் கூட்டத்தின் நடுவில் ஒரு வட்டம் திறக்கும். பெரிய பெரிய மனிதர்கள் தோளால், முழங்கையால், நெஞ்சால் ஒருவரையொருவர் இடித்துத் தூக்கி வீசுவார்கள். மூக்கு உடையும், பல் ஆடும். ஆனால் ஒருவன் கீழே விழுந்த அந்த நொடியே நாலு பேர் குனிந்து அவனை அக்குளில் பிடித்துத் தூக்கி நிறுத்திவிட்டுத்தான் மறுபடி இடிப்பார்கள். விழுந்தவனை மிதிக்காத அடிதடி ஒன்றை என் ஆயுளில் முதன்முதலாகக் கண்டது இங்கேதான். நான் அறிந்த அடிதடி வேறு.

இலங்கையின் வடக்கே மன்னாரிலிருந்து மற்ற முஸ்லிம்களோடு நாங்களும் புலிகளால் துரத்தப்பட்டு வந்து கற்பிட்டிப் பக்கம் முகாமில் குடியேறியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. வளர்ந்ததும் வேலை செய்ததும் கண்டக்குழிக் கடற்கரையில். உள்ளூர்க்காரர்களில் எனக்கு வாய்த்த ஒரே உயிர்ச் சிநேகிதன் ஜவ்பர். போர் முடிந்த வருடம் சிலாபத்தில் ஒரு மைதானத்தில் பழைய சிங்களப் பாட்டுக் குழு ஒன்று வந்தது. வாப்பாமாரின் காலத்தில் பேர்போன குழு. லொறிப் பெட்டிதான் மேடை. நானும் ஜவ்பரும் பஸ் ஏறிப் போனோம். பாடகருக்கு மேல்சுருதி எட்டவில்லை. பின்னால் நின்ற குடிகாரக் கூட்டம், வீட்டுக்குப் போ கிழவா என்று சிங்களத்தில் கத்தியது. இன்னொரு கூட்டம் அவர்களை அடிக்கப் போனது. பிளாஸ்டிக் கதிரைகள் பறந்தன. ஒருவனின் நெற்றியில் போத்தல் உடைந்ததை ஒரு முழத் தூரத்தில் பார்த்தேன். ஜவ்பர் என் சட்டைக் கொலரைப் பிடித்து லொறிக்கு அடியில் இழுத்துப் போட்டான். தலைக்கு மேலே அந்த மனுஷன் நிறுத்தாமல் பாடிக்கொண்டிருந்தார். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு கவனமாகக் கேட்டுவிட்டு ஜவ்பர் தீர்ப்புச் சொன்னான்: "தொண்ட போயிட்டுது மச்சான். ஆள் போகல்ல."

அதற்கு அடுத்த வருடம்தான் அந்தக் காலை. கரைவலை இழுப்பு. வலை கடலில் பெரிய வளையமாகக் கிடக்கும். இரண்டு கரைக் கயிற்றையும் அந்த வருடம் டிரக்டர் பூட்டி இழுக்கத் தொடங்கியிருந்தோம். மீன் நிறைந்த மடி கரைக்கு நெருங்கும்போது ஊரே ஓடி வரும், ஆளுக்கொரு கை அள்ள. அதனால் வலைச் சொந்தக்காரர் சம்மாட்டி, நாலு பேரைக் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்க வைப்பார், கையில் துடுப்புக் கம்போடு. அந்த நாலு பேரில் நான் ஒருவன். என் இன்றைய வேலைக்குப் படித்தது அங்கேதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் எங்கள் வலைப்பாட்டுக்கும் பக்கத்து வலைப்பாட்டுக்கும் யார் எந்தக் கரையில் வலை இழுப்பது என்று எல்லைத் தகராறு. வலையை அறுப்போம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். அதற்கு மேலே வேறொரு புகைச்சலும் இருந்தது: சண்டை முடிந்ததே, இந்த அகதிகள் இன்னும் ஏன் ஊருக்குப் போகாமல் எங்கள் கடலில் நிற்கிறார்கள் என்று கடைத்தெருவில் வெளிப்படையாகவே கதைத்தார்கள். ஜவ்பர் வேலை செய்தது பக்கத்து வலைப்பாட்டில்.

கிழக்கே எழும்பிய வெயில் நேரே என் கண்ணுக்குள். கூட்டத்திலிருந்து ஒருவன் பிரிந்து வெகு வேகமாக என்னை நோக்கி ஓடி வருகிறான். முகம் தெரியவில்லை. கையில் கத்தி தெரிந்தது. நில் என்றேன், நிற்கவில்லை. கம்பை இரண்டு கையாலும் பிடித்து முழுப் பலத்தோடு வீசினேன். எலும்பில் மரம் பட்ட சத்தம் இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. அவன் முழங்காலில் விழுந்து, இடது கண்ணைப் பொத்திய விரல்களுக்கு நடுவால் இரத்தம் மணலில் ஊற்ற, மற்றக் கையால் எனக்குப் பின்னால் காட்டினான். அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். எங்கள் ஆள் ஒருவரின் கால் கயிற்றில் சுற்றி, டிரக்டர் அவரை மணலில் உரித்து இழுத்துக்கொண்டு போனது. என் முதுகுக்குப் பின்னால் நடந்ததை முன்னாலிருந்து கண்டவன் ஜவ்பர். கயிற்றை அறுக்க ஓடி வந்தவனை நான் அடித்து விழுத்தியிருந்தேன். யாரோ கத்தி டிரக்டரை நிறுத்தினார்கள். இழுபட்டவருக்குக் கணுக்கால் உடைந்தது, உயிர் தப்பியது. ஜவ்பருக்குக் கண் போனது.

நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன்னமே கதை ஊரெல்லாம் பரவிவிட்டது. முகாம் பொடியன் ஒருவன் உள்ளூர்ப் பிள்ளையின் கண்ணைப் பறித்துவிட்டான். அறுபது எழுபது பேர், கையில் துடுப்பும் பொல்லும் மண்ணெண்ணெய்க் கேனுமாக எங்கள் ஓலைக் கொட்டில்களின் முன்னால். உம்மா என்னை அரிசி மூட்டைக்குப் பின்னால் தள்ளிவிட்டுக் கதவுக்குக் குறுக்கே நின்றார். முதல் கொட்டிலின் வேலியைப் பிடுங்கி ஒருவனின் முதுகில் அடிக்கத் தொடங்கியிருந்தார்கள். அப்போது ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்த ஆட்டோ வந்து நடுவில் நின்றது. தலையில் சுற்றிய துவாய் சொட்டச் சொட்ட ஜவ்பர் இறங்கினான். ஓலை இடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆருடா சொன்ன அவன் அடிச்சானெண்டு? கயிறுடா! கயிறு தெறிச்சு அடிச்ச. எண்ட கண்ணு எனக்குத் தெரியாதா, ஒங்களுக்குத் தெரியுமா? நெருப்பு வெக்கிறதெண்டா முதல்ல எண்ட ஆட்டோவுக்கு வையிங்க, நான் நடந்து போறேன் ஆஸ்பத்திரிக்கு."

அவ்வளவுதான். கூட்டம் கலைந்தது. என் கம்பு வீச்சைக் கிட்ட நின்று கண்ட நாலைந்து பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். அன்று முதல் அது கயிறு. ஊருக்கும் கயிறு, அவன் பெண்சாதிக்கும் கயிறு.

வெளிநாடு புறப்படுகிறவர் வீடு வீடாகப் போய் மாப்புக் கேட்பது எங்கள் வழக்கம். தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழையைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கையைப் பிடித்துக் கேட்க, அவர்கள் பொறுத்தோம் என்பார்கள். அந்த மன்னிப்பு வாங்காமல் போனால் காலடியில் முள் போலக் குத்திக்கொண்டே இருக்கும். ஜவ்பர் வீட்டுக்கும் போனேன். அவன் மனைவி, மாமியார், அண்டை அயல் எல்லோரும் இருந்தார்கள். அவன் கையைப் பிடித்து அந்தச் சொற்களைச் சொன்னேன். ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்துச் சிரித்தான். "கயிறு செஞ்சதுக்கு நீ ஏன்டா மாப்புக் கேக்கிற? டீயக் குடி." பொறுத்தேன் என்று அவன் சொன்னால், பொறுக்க ஏதோ இருந்தது என்று ஆகிவிடும். என்னைக் காப்பாற்றிய பொய்யே என் மன்னிப்பின் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. டீயைக் குடித்துவிட்டு வந்தேன். இத்தனை வருடமும் அந்த முள்ளோடுதான் தடுப்புக்கு உள்ளே நிற்கிறேன்.

இந்தக் கோடையில் ஹோர்ஸ்ட் உயிரை விடுகிற குழு துறைமுகத் திடலுக்கு வந்தது. திறந்த வெளி. இங்கே கோடையில் மாலை ஏழு மணிக்கும் வெயில் கொளுத்தும். மேடை மேற்கைப் பார்த்திருந்ததால் வெயில் நேரே என் கண்ணுக்குள். ஐந்தாறு பாட்டு ஆயிற்று. முதுகில் டிரம் அடி பலமாக விழுந்தது, ஆனால் முகங்கள் சரியில்லை. மூன்றாம் வரிசையில் ஒருவர் கையைக் கட்டிவிட்டார். உர்சுலா தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏதோ நடந்தது. பாடகர் துவாயால் முகத்தைத் துடைக்கும்போதும் அவருடைய குரல் நிற்காமல் பாடிக்கொண்டிருந்தது என்று பின்னால் சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது ஹோர்ஸ்ட் மட்டுமே. தடுப்பின் மேல் காலைப் போட்டு அந்தப் பெரிய உடம்பை இந்தப் பக்கம் தள்ளினார். நான் அவருடைய குட்டெயைக் கொத்தாகப் பிடித்தேன். என் வலது கை மடங்கி முஷ்டியாகி மேலே போய்விட்டது. அந்த முகத்தைப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது. கண்கள் என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால் எதையோ பார்த்துத் துடித்தன. கையை நீட்டி அங்கே காட்டினார்.

அதே முகம். அதே கை. என் முதுகுக்குப் பின்னால் யாரோ இழுபடுகிறார்கள் என்று என் உடம்பு முடிவெடுத்தது, நான் முடிவெடுக்கவில்லை. பிடியை விட்டேன்.

ஹோர்ஸ்ட் பக்கப் படிகளில் ஏறி, பாடகரின் வாயில் குத்தினார்.

மைக் கம்பியோடு சேர்ந்து பாடகர் பின்னால் விழுந்தார். என் தோழர்கள் மூன்று பேர் ஹோர்ஸ்டை மேடைப் பலகையில் குப்புறத் தள்ளினார்கள். ஒருவன் கழுத்தில் முழங்காலை வைத்தான், இன்னொருவன் விலாவில் உதைத்தான், ஒரு தடவை அல்ல. இங்கேயும் விழுந்தவனை மிதிக்கத் தெரியும் என்று அன்று கண்டேன். ஆம், கண்டேன். நான் திரும்பி நின்றிருந்தேன். பத்து வருடத்தில் முதல் தடவையாக மேடையைப் பார்த்தேன். பாடகர் என் முதுகுக்குப் பின்னால் தென்னை உயரம் இருந்தவர்; உண்மையில் என் நெஞ்சளவு கிழவர், வயிறு தொங்க, ஒரு முழங்காலில் கட்டு. எழும்பினார். வாயிலிருந்து ஒரு பல்லைத் துப்பினார். கீழே கிடந்த ஹோர்ஸ்டைப் பார்த்தார். பிறகு ஒலிக் கூடாரத்தை நோக்கித் தொண்டையை அறுப்பது போலக் கையால் காட்டினார். எல்லாச் சத்தமும் நின்றது. நான் காதிலிருந்து ஒரேஞ்சுத் துண்டுகளைப் பிடுங்கி எறிந்தேன்.

இரத்தம் நாடியில் வடிய அவர் தனியாகப் பாடினார். கடற்கரையில் உக்கிய வள்ளத்தை இழுக்கிற சத்தம் போல இருந்தது. மேலே போகவேண்டிய இடத்தில் குரல் உடைந்து காற்று மட்டும் வந்தது. பலகையோடு அழுத்தி வைத்திருந்த ஹோர்ஸ்டின் முகத்தைப் பார்த்தேன். மூக்கு சிதைந்து இரத்தத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். ஜவ்பர் பக்கத்தில் இருந்திருந்தால் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும்.

பிறகு ஆளாளுக்கு அபிப்பிராயம். ஹோர்ஸ்டை உள்ளே போட வேண்டும் என்றது ஒரு பாதி. நன்றி சொல்ல வேண்டும் என்றது மறுபாதி. உர்சுலா வாசலில் என் கையைப் பிடித்து, "இருபது வருடத்தில் இன்றைக்குத்தான் பாடினான். ஹோர்ஸ்டைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டும்" என்றார். சொல்லிவிட்டு அழுதார், விலா உடைந்த ஹோர்ஸ்டை அப்போதுதான் அம்புலன்ஸில் ஏற்றினார்கள்.

மூன்றாம் நாள் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். நல்ல பெண்மணி. கமெராப் பதிவைப் போட்டுக் காட்டினார். "நான்கு நிமிடம் கூட்டத்துக்கு முதுகு காட்டி நிற்கிறீர்கள். அது இருக்கட்டும். பிடித்தவரை ஏன் விட்டீர்கள்?" எனக்குத் தெரிந்த ஜேர்மன் எல்லாவற்றையும் சேர்த்து வலை, கயிறு, கத்தி, கண் என்று சொன்னேன். அவர் கண்கள் கலங்கின. "புரிகிறது. போர்" என்றார். "இல்லை. போர் முடிந்துவிட்டது. இது மீன்" என்றேன். "அங்கே எல்லாம் போர்தானே" என்று மிக அன்பாகச் சொல்லி, படிவத்தில் போர் என்று எழுதினார். தண்டனை இல்லை, ஆனால் தடுப்புக்குள்ளும் இனி இடமில்லை. இப்போது வாகனத் தரிப்பிடத்தில் நிற்கிறேன்.

அங்கிருந்துதான் ஜவ்பரைக் கூப்பிட்டேன். அவன் இப்போது கண்டக்குழியில் வெள்ளைக்காரர்களை டொல்பின் காட்டக் கூட்டிப்போகிற போட் ஓட்டுகிறான். இரைச்சலுக்கு நடுவில் முழுக்கதையையும் கேட்டான்.

"அப்ப எண்ட கண்ணுக்குப் பதிலுக்கு ஒரு கெழவன்ட பல்லக் கழட்டிக் குடுத்திருக்கிற. நல்ல யாவாரம்டா நியாஸ்!"

"ஜவ்பர், அண்டைக்குக் கயிறில்ல. நான் அடிச்சேன். மாப்புத் தா."

அவன் போட் எஞ்சினை நிறுத்தினான்.

"கயிறு கயிறெண்டு சொல்லி எனக்கே அது கயிறாப் போச்சுது. இப்ப வந்து அதப் புடுங்கிற." பிறகு வேறு குரலில் சொன்னான்: "போன்ல ஒளிச்சு மாப்புத் தர ஏலாது மச்சான். நான் ஊருக்கு முன்னால நிண்டு பொய் சொன்னவன். நீயும் ஊரறியச் சொல்லு, அடிச்ச நீதானெண்டு. சொல்லிட்டு வா. வந்து முன்னுக்கு நில்லு. தாறதோ இல்லையோ அப்ப பாப்பம்."

"இப்ப சொன்னா முகாமாக்களுக்கு ஏதும்..."

"ஓம், பயமாத்தான் இரிக்கும். எனக்கும் அண்டைக்குப் பயமாத்தான் இரிந்த."

ஆகவே கண்டக்குழியில் இதைப் படிக்கிறவர்களே, அது கயிறு அல்ல. நான்தான். வரும் நோன்புக்கு முன் வந்து உங்கள் முன்னால் நிற்பேன். கோபம் என்னோடு இருக்கட்டும். முகாமில் இருக்கிறவர்களுக்கு அதில் பங்கில்லை.

நேற்று மஃரிப் தொழுகைக்கு இரண்டு லொறிகளுக்கு நடுவில் அட்டைப் பெட்டியை விரித்தேன். திடலில் வேறொரு கிழட்டுக் குழு பாடிக்கொண்டிருந்தது. இங்கே கிப்லா, தொழ நோக்கும் திசை, தென்கிழக்கு. கண்டக்குழிப் பள்ளிவாசலில் அது மேற்கே, கடல் பக்கம். அவன் தொழ நிற்கும்போது ஏறத்தாழ என் பக்கம் பார்த்து நிற்கிறான். நான் தொழ நிற்கும்போது அவன் பக்கம். நடுவில் மக்கா. மேடைக்கும் கடலுக்கும் முதுகு காட்டியே பிழைத்தவன் நான். தக்பீர் கட்டி நிமிர்ந்தபோது, வெகு தூரத்தில், அந்த ஒற்றைக் கண் எனக்கு நேரே முன்னால் இருந்தது.